தள்ளு

பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து இரண்டு வருஷம்.
டேபிள் ஃபேன் அதற்கு,
வியர்வை எனக்கு.

கல்மண்டபம் முனையில் ஆறுக்கு எட்டு கடை.
போர்டில் ஜெனிட்டா கிராஃபிக்ஸ்.
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வார்டு தேர்தல் வரும்,
மற்ற நாளெல்லாம் கண்ணீர் அஞ்சலி.
சாவுக்கு யாரும் முன்பதிவு செய்வதில்லை.
எந்நேரமும் எழத் தயாராக இருக்கவேண்டிய பெட்டி
எழுந்து உட்கார ஒன்பது நிமிஷம் கேட்கிறது.
அதற்குள் டீ சொல்லி, டீ வந்து,
டீயில் ஆடை கட்டிவிடும்.

ரிச்சி தெரு ஃபரூக் சொல்கிறான்:
"இப்ப வாணாக்கா. ரேம் விலை ஏறிக்கினு கீது.
ஆடி தாண்டட்டும், எறங்கும்."
அதே மாடிப்படியில் நாலு கடை தள்ளி குணாளன்:
"ஆடிக்குள்ள எடுத்துடு. அப்பால தொட முடியாது."
இறங்கி வந்து கரும்பு ஜூஸ் வண்டியருகே நின்றேன்.
பாதி டம்ளர் வரை ஒருவனை நம்பினேன்,
மீதிக்கு இன்னொருவனை.

என் வீட்டுக்காரருக்கு இதில் கருத்தில்லை.
"உன் பொட்டி, உன் இஷ்டம்."
அந்த டிசம்பர் வெள்ளத்தில்
அவரை விட்டுவிட்டுப் பெட்டியைத்தான்
முதலில் பரணில் ஏற்றினேன் என்று
இன்னும் ஒரு வருத்தம்.

மரகதம்மா சீட்டில் இது ஐந்தாம் மாசம்.
இப்போது எடுத்தால் பதினாறாயிரம் தள்ளு.
கடைசிவரை பொறுத்தால் முழுசாக வரும்.
முழுசாக வரும் நாளில்
நான் பார்த்துவைத்த மாடலை
யாரும் விற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள்
நேற்று நின்ற இடத்திலேயே நிற்கின்றன.
டயருக்கு அண்டைக்கல் கொடுத்து
நிழல் பக்கம் ஸ்டவ் பற்றவைத்து
டிரைவர் ஒருவர் ரசம் தாளிக்கிறார்.
என்னுடையது அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்குள்
தெர்மாகோலில் படுத்திருக்கலாம்.
டைல்ஸாகவும் இருக்கலாம். கொட்டைப்பாக்காகவும்.

செவ்வாய் ராத்திரி பதினொன்றரைக்கு
ஷட்டரைத் தட்டினான் ஒரு பையன்.
பனைமரத்தொட்டியாம்.
போனில் அவன் அப்பா,
ஏதோ கல்யாணத்தில் பத்துப் பேருக்கு நடுவே,
கையில் கோன் ஐஸ்.
டேவிட் செல்வராயன், விசைப்படகு மெக்கானிக், ஐம்பத்திரண்டு.
வெட்டத் தொடங்கினேன்.
இந்தப் பக்கம் மாமன் போனார்,
அந்தப் பக்கம் மாப்பிள்ளை போனார்,
கோன் ஐஸ் போனது.
தோள்மேல் கிடந்த ஒரு கையைத் தொட்டதும்
ஹேங்.
வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"தப்பா நெனச்சுக்காத தம்பி, பழைய மெஷினு."
"பரவால்லக்கா. ஐஸ் பெட்டி வந்துட்ச்சு.
காலைல வரைக்கும் தாங்கும்."

ஃபரூக்கும் குணாளனும் சொன்ன மாதக் கணக்கில்
இப்படி ஒரு காலை இல்லை.

ஒன்றேகாலுக்குத் திரைக்கு உயிர் வந்தது.
கையை அழிக்கப் போனேன்.
நாற்காலிக்குப் பின்னாலிருந்து,
அவ்வளவு நேரம் அவன் உட்காரவேயில்லை,
"அது அம்மா கை. இருக்கட்டும்."

கண்ணாடி வளையலோடு அந்தக் கை
இன்றைக்கு காசிமேடு வரை சுவரெல்லாம்.
புது மெஷின் என்றால் மூன்று நொடியில்
துடைத்துப் போட்டிருப்பேன்,
அவனைக் கேட்டிருக்கக்கூட மாட்டேன்.

அதற்காகப் பழசே போதும் என்று சொல்லவில்லை.
ஒரு கையைக் காட்டி
வாடகை கட்ட முடியாது.
நேற்று இரண்டு பேர் வாசலில் நின்று பார்த்துவிட்டு
மின்ட் பக்கம் போய்விட்டார்கள்.

ஞாயிறு ஏலம்.
மரகதம்மா மாடியில் பாய் விரித்திருக்கும்.
பதினாறு என்று வாய் திறப்பேனா,
எல்லோரையும்போல மிக்சரை அள்ளிப் போட்டுக்கொண்டு
சும்மா இருந்துவிடுவேனா, தெரியவில்லை.
இப்போதைக்கு
ஃபேனை ஒரு விரற்கடை
என் பக்கம் திருப்பிவைக்கிறேன்.